1430, 1450, 33: எதை அனுப்புவது, எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க ஆசை. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை மார்ச்சில் எழுதியதில் 1600-க்கு 1430 (வாசிப்பு-எழுத்து 640, கணிதம் 790). ஆகஸ்டில் 1450 (710, 740). செப்டம்பரில் தோழிகள் எழுதுகிறார்கள் என்று, அதே மாதிரி இன்னொரு தேர்வான ஏசிடியும் எழுதினாள். 36-க்கு 33 வந்தது (ஆங்கிலம் 35, கணிதம் 31, வாசிப்பு 34). பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபியில், 5-க்கு, கால்குலஸ் பிசி 5, கம்ப்யூட்டர் சயின்ஸ் 5, அமெரிக்க வரலாறு 4, பிசிக்ஸ் 3. டல்லாஸில் இருக்கும் என் நாத்தனார், "எல்லாவற்றையும் அனுப்பிவிடு, மறைத்தால் எப்படியும் தெரிந்துவிடும்" என்கிறார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில், "1500-க்குக் கீழே என்றால் அனுப்பவே கூடாது" என்கிறார்கள். என் கணவர் டிசம்பரில் இன்னொரு முறை எழுதச் சொல்கிறார். முதல் சுற்று விண்ணப்பங்களுக்குக் கடைசி நாளான நவம்பர் 1 நெருங்குகிறது. வீட்டில் தினமும் இதே பேச்சு. மகள் சாப்பிட உட்காரவே யோசிக்கிறாள். விண்ணப்பிக்கும் இடங்கள்: ஜார்ஜியா டெக், பர்டூ, ரட்கர்ஸ், பெர்க்லி, சான் டியாகோ, ஜார்ஜ்டவுன், யேல். எதை அனுப்ப, எதை விட?
– ஒரு வாசகி, எடிசன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் நாத்தனார் பேசுகிறார், வாட்ஸ்அப் குழு பேசுகிறது, கணவர் பேசுகிறார். அந்த ஏழு கல்லூரிகளும் என்ன கேட்கின்றன என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. இன்னொன்றும் இல்லை. உங்கள் மகளிடம் ஏற்கெனவே 1500 இருக்கிறது. அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

மார்ச்சில் கணிதம் 790. ஆகஸ்டில் வாசிப்பு-எழுத்து 710. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இதைத்தான் சூப்பர்ஸ்கோர் என்கிறார்கள்: எத்தனை முறை எழுதியிருந்தாலும், ஒவ்வொரு பிரிவிலும் எந்தத் தேதியில் அதிகமோ அதை எடுத்துக் கூட்டிக்கொள்வது. அமெரிக்கக் கல்லூரிகளில் மிகப் பல இப்படித்தான் கணக்கிடுகின்றன. "இரண்டில் எது பெரியதோ அதை அனுப்புவோம்" என்று நீங்கள் 1450-ஐ மட்டும் அனுப்பியிருந்தால், கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கும் பெண்ணின் கோப்பில் கணிதம் 740 என்று நின்றிருக்கும். 790 வீட்டிலேயே தங்கியிருக்கும். என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் செய்யப் பார்க்கும் தவறு இது. மொத்தத்தைப் பார்க்கும் கண் பிரிவைப் பார்ப்பதில்லை.

ஏன் பார்ப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நானும் மதுரையில் பிளஸ் டூ எழுதியவள்தான். எங்கள் காலத்தில் பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று சுருக்கி, அரை மதிப்பெண்ணில் கல்லூரி கைமாறிப் போனதைப் பார்த்தவர்கள் நாம். அந்த முறையில் தேர்ந்தெடுக்க எதுவும் கிடையாது. மதிப்பெண் பட்டியல் ஒன்று, அது போகும், வரிசையில் உங்கள் எண் வரும். அதனால் எஸ்ஏடியையும் கட்-ஆஃப் என்றே வாசிக்கிறோம். வாட்ஸ்அப் குழுவின் "1500" அப்படி வந்ததுதான். இங்கே அப்படி ஒரு கோடு எந்தக் கல்லூரியிலும் வரைந்து வைக்கப்படவில்லை. 1560 வாங்கிய பிள்ளைக்கு இடம் கிடைக்காமல், அதே கல்லூரியில் 1410-க்குக் கிடைப்பதை ஒவ்வொரு ஏப்ரலிலும் பார்க்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பிய ஆண்டின் விதியைச் சொல்கிறார்கள். 2020-ல் கொரோனாவில் தேர்வு மையங்கள் மூடியபோது ஏறக்குறைய எல்லாப் பெரிய கல்லூரிகளும் டெஸ்ட் ஆப்ஷனல் ஆயின. விருப்பம் இருந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் விடு. அப்போது 1450 கையில் வைத்துக்கொண்டு அனுப்பாமல் விட்டவர்கள் நிறைய. பிறகு காற்று திரும்பியது. எம்ஐடி 2022 மார்ச்சிலேயே தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. 2024 பிப்ரவரியில் டார்ட்மத், அதே மாதம் யேல், மார்ச்சில் பிரவுன், ஏப்ரலில் ஹார்வர்டும் கால்டெக்கும் என்று வரிசையாகத் திரும்பின. அந்த வரிசையில் கொலம்பியா இல்லை. 2021-ல் மூத்த பையனை அனுப்பிய அக்கா சொல்வது அவருக்கு உண்மை. உங்களுக்கு அது பழைய பஸ் டைம்டேபிள்.

இனி உங்கள் ஏழு இடங்களுக்கு வருகிறேன். நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்திலும் இந்த ஆண்டு விண்ணப்பிப்பவர்களுக்கான வரிகளை மகளோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள். ஒரு மாலை வேலைதான்.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். பெர்க்லி, சான் டியாகோ இரண்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குடும்பம். அவர்கள் எஸ்ஏடி, ஏசிடி இரண்டையும் பார்ப்பதே இல்லை. சேர்க்கைக்கும் இல்லை, உதவித்தொகைக்கும் இல்லை. 1600 வாங்கியிருந்தாலும் அங்கே அது வெறும் எண். ஏபி மதிப்பெண்ணைக் குறிப்பிட இடம் உண்டு. எஸ்ஏடி பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம். அந்த நேரத்தை அவர்கள் கேட்கும் நான்கு குட்டிக் கட்டுரைகளுக்குக் கொடுங்கள்.

ஜார்ஜியா டெக்கில் தேர்வு கட்டாயம், சூப்பர்ஸ்கோரும் உண்டு. இரண்டு தேதியும் போகட்டும். 1500 அங்கே வரிசையின் நடுவில் நிற்கும் எண். கணிதம் 790 அங்கே பேசும் எண். பர்டூவிலும் தேர்வு கட்டாயம். அங்கும் இரண்டு தேதிகள். ரட்கர்ஸ் டெஸ்ட் ஆப்ஷனல். ஆனால் உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1500 மேல் பகுதியில் நிற்கும் மதிப்பெண். அதை அனுப்பாமல் விடுவது, குடையைக் கையில் வைத்துக்கொண்டு நனைவது மாதிரி.

யேல் கொஞ்சம் சுவாரசியமானது. எஸ்ஏடி, ஏசிடி, ஏபி, ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் பள்ளித் தேர்வு) இந்த நான்கில் ஏதாவது ஒன்றைக் கொடுத்தால் போதும் என்பது அவர்கள் விதி. கேட்டவுடன், "ஏபியில் இரண்டு 5 இருக்கிறதே, அதைக் கொடுத்துவிடலாமே" என்று தோன்றும். அங்கேதான் கொக்கி. ஏபி வழியாகப் போவதென்றால் அதுவரை எழுதிய எல்லா ஏபியையும் சொல்ல வேண்டும். பிசிக்ஸில் வாங்கிய 3-ம் கூடவே போகும். எஸ்ஏடி வழியாகப் போனால் அந்தக் கட்டாயம் இல்லை. 1500 யேலில் கீழ்ப் பாதியில்தான் விழும், உண்மை. ஆனாலும் எஸ்ஏடி வழியையே எடுங்கள். யேல் நூறு பேரில் ஐந்து பேரைக்கூட எடுப்பதில்லை. அந்த ஐந்து பேருக்குள் வருவதை 20 மதிப்பெண் தீர்மானிக்காது. ஆகவே அங்கே அதிகம் கணக்குப் போடுவதில் பொருளில்லை.

மிச்சம் ஜார்ஜ்டவுன். உங்கள் நாத்தனார் சொல்வது சரியாக இருக்கும் ஒரே இடம். எழுதிய எல்லாத் தேதிகளின் மதிப்பெண்ணையும், எஸ்ஏடி ஏசிடி இரண்டிலும், ஜார்ஜ்டவுன் கேட்கிறது. மார்ச், ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றும் போக வேண்டும். போனால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. 640-லிருந்து 710-க்கு ஏறிய ஒரு பெண்ணை அவர்கள் பார்ப்பார்கள். மூன்றுமே மதிப்பான மதிப்பெண்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

இந்த இடத்தில் உங்கள் மனதில் ஓடும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "அனுப்பாமல் விடுவது பொய்யா?" கடிதத்தில் நேரடியாகக் கேட்கவில்லை, நாத்தனாரின் வாக்கியத்துக்குப் பின்னால் அது நிற்கிறது. கல்லூரி "எல்லாவற்றையும் கொடு" என்று கேட்டு, நாம் ஒன்றை எடுத்து வைத்தால் அது பொய்தான். விண்ணப்பத்தின் கடைசியில், "நான் கொடுத்த விவரங்கள் உண்மை" என்று உங்கள் மகள் கையெழுத்திடுகிறாள். பின்னால் தெரியவந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை கல்லூரிக்கு உண்டு. கல்லூரி "உன் சிறந்ததைக் கொடு" என்று சொன்னால், சிறந்ததைக் கொடுப்பது சொன்னபடி கேட்பது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நல்ல தட்டில் பலகாரம் வைப்பதை யாரும் மறைப்பு என்று சொல்வதில்லையே.

தெரிந்துவிடுமா என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. எஸ்ஏடி நடத்தும் காலேஜ் போர்டு, நீங்கள் அனுப்பச் சொல்லாத தேதியின் மதிப்பெண்ணைத் தானாக எந்தக் கல்லூரிக்கும் தராது. 2009-லிருந்து ஸ்கோர் சாய்ஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. எந்தத் தேதி போக வேண்டும், எது வேண்டாம் என்று கணக்குக்குள் சென்று குறியிடலாம். ஆனால் குறியிடாமல் விட்டால் எல்லாத் தேதியும் சேர்ந்தே போகும். இதைப் பலர் கவனிப்பதில்லை. இன்னொன்று: தேதியைத்தான் தேர்ந்தெடுக்கலாம், பிரிவை முடியாது. மார்ச்சின் கணிதம் மட்டும், ஆகஸ்டின் வாசிப்பு மட்டும் என்று பிய்த்து அனுப்ப வழியில்லை. தேதி முழுதாகப் போகும். பிரித்து எடுத்துக்கொள்வது கல்லூரியின் வேலை. ஜார்ஜ்டவுன் போன்ற கல்லூரிக்கு ஒரு தேதியை மட்டும் அனுப்பினாலும் காலேஜ் போர்டு உங்களைத் தடுக்காது. விதியை மதிப்பது உங்கள் பொறுப்பு என்று விட்டுவிடும்.

காசு விஷயம். எஸ்ஏடிக்குப் பதிவு செய்யும்போதே நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பலாம் என்று திரையில் வரும். தேர்வு முடிந்து 9 நாள் வரை அந்தச் சலுகை. மதிப்பெண் வருவதோ அதற்குப் பிறகு. அதாவது என்ன வந்தது என்று பார்க்காமலே அனுப்பச் சொல்கிற இலவசம். எல்லாவற்றையும் கேட்கும் கல்லூரி பட்டியலில் இருந்தால் அதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், நட்டமில்லை. மற்ற இடங்களுக்கு வேண்டாம் என்பேன். இப்போது உங்கள் மகளுக்கு அந்த நாள்கள் கடந்துவிட்டன, ஆகவே ஒவ்வொரு அறிக்கைக்கும் கட்டணம் உண்டு. ஆனால் அவசரப்பட்டு ஆறு ஏழு இடங்களுக்குக் கட்டிவிடாதீர்கள். பெரும்பாலான கல்லூரிகள் மாணவர் தானே தட்டச்சு செய்யும் மதிப்பெண்ணை வைத்துத்தான் முடிவெடுக்கின்றன. சேருவதென்று ஆனபிறகு, அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் அதிகாரபூர்வ அறிக்கை போனால் போதும்.

பல கல்லூரிகளுக்குச் சேர்த்து விண்ணப்பிக்கும் இணையதளமான காமன் ஆப்பில் தேர்வுகள் பகுதியைத் திறந்து பாருங்கள். எத்தனை முறை எழுதினாய் என்று அது கேட்பதில்லை. எத்தனை மதிப்பெண்களைத் தெரிவிக்க விரும்புகிறாய் என்று கேட்கிறது. அடுத்து, வாசிப்பு-எழுத்தில் அதிகபட்சம் எவ்வளவு, எந்தத் தேதி. கணிதத்தில் அதிகபட்சம் எவ்வளவு, எந்தத் தேதி. உங்கள் மகள் 710, ஆகஸ்ட் என்றும் 790, மார்ச் என்றும் நிரப்புவாள். சூப்பர்ஸ்கோர் அந்தக் கட்டங்களிலேயே உட்கார்ந்திருக்கிறது. அனுப்புவதற்கு முன் பிடிஎஃப் முன்னோட்டம் வரும். அதில் எண்களையும் தேதிகளையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். 710-ஐ 701 என்று அடித்துவிட்டு டிசம்பரில் அழைத்தவர்கள் இருக்கிறார்கள். எஸ்ஏடியில் எல்லா மதிப்பெண்ணும் பூஜ்யத்தில்தான் முடியும் என்பதைக்கூட அந்தப் பதற்றத்தில் கவனிக்கவில்லை.

ஏசிடியை என்ன செய்வது? எஸ்ஏடியையும் ஏசிடியையும் ஒப்பிட 2018-ல் வெளியிட்ட பொது அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் 33 என்பது எஸ்ஏடி 1460-க்குச் சமம். 34 என்பது 1500-க்கு. ஆக அவளுடைய 33, தனித்தனியாகப் பார்த்தால் 1430-ஐவிட ஒரு படி மேல், 1450 நிற்கும் அதே படி. 1500 என்ற சூப்பர்ஸ்கோருக்கு முன்னால் ஒரு படி கீழ். அதோடு அந்த 33-ஐத் தூக்கி நிறுத்துவது ஆங்கிலமும் வாசிப்பும். கணிதம் 31 என்பது எஸ்ஏடி கணக்கில் 700-ஐ ஒட்டியது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிறவள் 790-ஐக் காட்டிவிட்டு, பக்கத்திலேயே 31-ஐ எதற்கு வைக்க வேண்டும்? ஜார்ஜ்டவுனைத் தவிர மற்ற இடங்களில் ஏசிடி வீட்டிலேயே இருக்கட்டும். அவள் ஆங்கில இலக்கியம் கேட்டிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஒரே அமர்வின் மொத்தத்தை மட்டும் பார்க்கும் பல்கலைக்கழகம் பட்டியலில் இருந்தாலும் 33-ஐப் பற்றி யோசிப்போம். உங்கள் பட்டியலுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இப்போது எண்களை எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன், அடுத்து தம்பிக்கோ தங்கைக்கோ உதவும். ஒவ்வொரு கல்லூரியும் காமன் டேட்டா செட் என்று ஓர் ஆவணம் வெளியிடும். கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் வரும். அதில் சி9 என்ற பகுதிக்குப் போங்கள். சேர்ந்த மாணவர்களில் கால்வாசிப் பேர் எந்த எண்ணுக்குக் கீழே, கால்வாசிப் பேர் எந்த எண்ணுக்கு மேலே என்று இருக்கும். எல்லோரும் அதை மட்டும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். அதே பகுதியில், மேலே, சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் எஸ்ஏடி கொடுத்தார்கள் என்றும் இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டெஸ்ட் ஆப்ஷனல் கல்லூரி ஒன்றில் நூற்றுக்கு நாற்பது பேர்தான் கொடுத்தார்கள் என்று வையுங்கள். கொடுத்த நாற்பது பேர் யார்? அதிகம் வாங்கியவர்கள். குறைவாக வாங்கிய அறுபது பேர் கணக்கிலேயே இல்லை. அந்த நாற்பது பேரின் "கீழ்க் கால்" உண்மையில் வகுப்பின் கீழ்க் கால் கிடையாது. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து அடுத்த ஆண்டு இன்னும் பலர் கொடுக்காமல் விடுவார்கள். எண் இன்னும் ஏறும். காய்ச்சல் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு மிச்சப் பேருக்குத் தெர்மாமீட்டர் வைப்பது போல.

ஆகவே டெஸ்ட் ஆப்ஷனல் கல்லூரிக்கு நான் வைத்துக்கொள்ளும் வழக்கம் இது: சி9-ல் அச்சிட்ட அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கே விழுந்தாலும் அனுப்பு, கீழ்க் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே விழுந்தால், பள்ளியைப் பார்த்து முடிவு செய். அதே பிள்ளை அடுத்த வாரமே மறுபடி எழுதினால் ஒரு பிரிவில் 20, 30 இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆகும். அந்தத் துல்லியம்கூட இல்லாத எண்ணைத் தராசில் பவுன் நிறுப்பதுபோல் நிறுக்க வேண்டாம்.

"பள்ளியைப் பார்த்து" என்றேன். இது முக்கியம், இதில் எனக்கே ஒரு சூடு உண்டு. விண்ணப்பத்தோடு உங்கள் மகளின் பள்ளி ஆலோசகர் ஸ்கூல் ப்ரொஃபைல் என்ற தாளை அனுப்புவார். முன்னும் பின்னுமாக ஒரே தாள்: பள்ளியில் எத்தனை ஏபி வகுப்புகள், சராசரி எஸ்ஏடி எவ்வளவு, எத்தனை பேர் நான்காண்டுக் கல்லூரிக்குப் போகிறார்கள். சேர்க்கை அலுவலகத்தில் கோப்பைப் படிப்பவர் மதிப்பெண்ணை அந்தத் தாளின் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கிறார். 2021-ல் என்னிடம் ஒரு பையன் வந்தான். அவன் பள்ளியில் சராசரி ஆயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. அப்பா கடையில் வேலை, வீட்டில் அவன்தான் முதலில் கல்லூரிக்குப் போகிறவன். 1390 வாங்கியிருந்தான். விண்ணப்பித்த கல்லூரியின் கீழ்க் கோடு அதைவிட நன்றாக மேலே இருந்தது. "கொடுக்காதேப்பா" என்று சொன்னேன். அவன் கொடுக்கவில்லை. அங்கே கிடைக்கவும் இல்லை. கொடுத்திருந்தால் கிடைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 2024-ல் டார்ட்மத்தின் பேராசிரியர்கள் தங்கள் கல்லூரிக் கோப்புகளை ஆராய்ந்து எழுதியதைப் படித்தபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது. வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த, 1400-களில் இருந்த பிள்ளைகள் பலர், அனுப்பியிருந்தால் உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணை அனுப்பாமல் விட்டிருந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. தேர்வை மீண்டும் கட்டாயமாக்க அவர்கள் சொன்ன காரணங்களில் அது ஒன்று. சராசரி ஆயிரமாக இருக்கும் பள்ளியில் 1390 என்பது கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்த எண். நான் அதைக் கீழே பிடித்து வைத்துவிட்டேன்.

உங்கள் மகளின் நிலை அதற்கு நேர் எதிர். எடிசன் பக்கத்துப் பள்ளிகளில் வகுப்பில் பாதிப் பேர் எஸ்ஏடி பயிற்சிக்குப் போகிறவர்கள். அப்படிப்பட்ட பள்ளியிலிருந்து, கணிதத்தில் கெட்டியான, கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கும் விண்ணப்பத்தில் மதிப்பெண் கட்டம் காலியாக இருந்தால் என்ன நினைப்பார்கள்? கொடுக்காததற்காகக் குறைக்க மாட்டோம் என்று கல்லூரிகள் சொல்கின்றன. சொன்னபடி நடந்துகொள்ள முயல்கிறார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் படிப்பவர் மனிதர். பக்கத்துக் கோப்பில் அதே பள்ளிப் பிள்ளை 1520 கொடுத்திருக்கும். அவர் மனதில் ஒரு கேள்வி எழாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இது என் சொந்த அபிப்பிராயம். உங்கள் பள்ளி ஆலோசகர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சுக்கு எடை அதிகம், அவருக்கு அந்தப் பள்ளியின் பழைய முடிவுகள் தெரியும்.

பிசிக்ஸ் 3-க்காகத் தூக்கம் கெட வேண்டாம். காமன் ஆப்பில் ஏபி மதிப்பெண் சொல்வது பெரும்பாலும் விருப்பம்தான். 5, 5, 4 மூன்றையும் எழுதி, 3-ஐ விட்டுவிடலாம். அவள் அந்த வகுப்பில் படித்தது மதிப்பெண் பட்டியலில் எப்படியும் தெரியும். வகுப்பில் நல்ல கிரேடு இருந்தால் அதுவே பேசும். கோடையில், சேரும் கல்லூரிக்குக் காலேஜ் போர்டிலிருந்து ஏபி அறிக்கை போகும்போது எல்லாத் தேர்வும் சேர்ந்தே போகும். அதற்குள் இடம் கிடைத்திருக்கும். அப்போது 3 யாரையும் கடிக்காது. சில கல்லூரிகளில் அதற்கே கிரெடிட்கூடக் கொடுப்பார்கள். ஒரு எச்சரிக்கை: ஏபி மதிப்பெண்ணை ஒரேயடியாக ரத்து செய்யும் வசதி உண்டு, அதைத் தொடாதீர்கள். ரத்து செய்தால் போனது போனதுதான்.

கணவரிடம் சொல்ல வேண்டியது. டிசம்பர் தேர்வு நவம்பர் 1-க்குப் போகும் விண்ணப்பங்களுக்கு உதவாது. ஜனவரியில் முடியும் விண்ணப்பங்களுக்குத்தான் எட்டும். அதில் யேல் ஒன்றுதான் கொஞ்சம் பொருட்படுத்தத்தக்கது, அங்கே 20, 30 கூடினால் என்ன நடக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன். ஜார்ஜ்டவுன் பட்டியலில் இருக்கும்வரை எழுதும் ஒவ்வொரு முறையும் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். நவம்பரில் அவளுக்கு எழுத வேண்டிய கட்டுரைகள் பத்துக்குக் குறையாது, பள்ளித் தேர்வுகள் வேறு. அந்தச் சனிக்கிழமைக் காலை அவள் தூங்கட்டும். அவளே "எழுதுகிறேன், வாசிப்பில் இன்னும் ஏற்ற முடியும்" என்று வந்து சொன்னால் பேச்சு வேறு. உங்கள் கடிதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று எங்கும் இல்லை.

ஆகவே இந்த வார வேலை இவ்வளவுதான். ஏழு கல்லூரிகளின் விதிப் பக்கம், ஒரு தாளில் ஏழு வரி. ஜார்ஜ்டவுனுக்கு மூன்று தேதியும் அதிகாரபூர்வமாக. மற்ற இடங்களில், கேட்கும் இடத்தில், 710-ம் 790-ம். காலேஜ் போர்டு கணக்குக்குள் மகளே நுழையட்டும்; கடவுச்சொல் உங்களிடம் இருந்தால் அவளிடம் கொடுத்துவிடுங்கள். அனுப்பும் பொத்தானை அவள் அழுத்தும்போது பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருங்கள். ஜார்ஜ்டவுன் பகுதி வரும்போது மட்டும், எஸ்ஏடியின் இரண்டு தேதியிலும் குறி விழுந்திருக்கிறதா, ஏசிடி அதன் சொந்தக் கணக்கிலிருந்து போயிருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.